டவர் கூலர் மாட்டிய பிறகும் ப்ராசசர் ஏன் கொதிக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ப்ராசசரோடு பெட்டியில் வந்த ஸ்டாக் கூலரைக் கழற்றிவிட்டுத் தனியாக ஒரு டவர் கூலர் (உலோகத் தகடுகளை உயரமாக அடுக்கி, பக்கத்தில் ஃபேன் வைத்த கூலர்) வாங்கி மாட்டியவர்களும், மாட்டப் போகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. டெஸ்க்டாப், ஏர் கூலர் இரண்டு மட்டுமே இங்கே. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம்: "82 டிகிரி வருகிறது, பரவாயில்லையா?" என்று எண்ணை மட்டும் கொடுத்தால் யாராலும் பதில் சொல்ல முடியாது. அறை வெப்பம் எவ்வளவு, ப்ராசசர் எத்தனை வாட் இழுக்கிறது, ஃபேன் என்ன வேகத்தில் ஓடுகிறது என்ற மூன்றும் கூடவே வேண்டும்.

எத்தனை டிகிரி வரை போகலாம்?

ஒவ்வொரு ப்ராசசருக்கும் தயாரிப்பாளரே ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார். ஏஎம்டியின் ரைசன் 5 5600, ரைசன் 7 5800எக்ஸ் இரண்டுக்கும் 90 டிகிரி. ரைசன் 5 7600, 7600எக்ஸ் 95. கேஷ் அடுக்கு ஏற்றிய 7800எக்ஸ்3டி 89. இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்களுக்குப் பொதுவாக 100. வரம்பைத் தொட்டால் ப்ராசசர் எரிந்துபோகாது. தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதைத்தான் த்ராட்டில் ஆகிறது என்கிறோம். கட்டுப்படுத்த முடியாத அளவுக்குப் போனால் கணினியே அணைந்துவிடும்.

கேம் ஆடும்போது 60 முதல் 80 வரை சாதாரணம். வீடியோ ரெண்டர், கோடு கம்பைல் போன்ற முழுச் சுமையில் 85 வந்தாலும் கவலையில்லை. ஆனால் 65 வாட் ப்ராசசர் ஒன்று நல்ல டவர் கூலருக்குக் கீழே கேமிலேயே 90 காட்டினால், எங்கோ தவறு இருக்கிறது.

7600எக்ஸ் வாங்கினேன். டவர் கூலர் போட்டும் சினிபெஞ்ச் (ப்ராசசருக்கு முழுச் சுமை தந்து புள்ளி போடும் சோதனை மென்பொருள்) ஓட்டினால் 90ஐத் தாண்டுகிறது. கூலர் வீணா?

பெரும்பாலும் இல்லை. 2022இல் வந்த ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் மாடல்கள் சூட்டுக்கு இடம் இருக்கும்வரை வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும்படி அமைக்கப்பட்டவை. 7600எக்ஸின் அறிவிக்கப்பட்ட அளவு 105 வாட். சாக்கெட் (மதர்போர்டில் ப்ராசசர் அமரும் இடம்) வழியாக 142 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. கூலர் நன்றாக இருந்தால், அந்தக் கூடுதல் திறனைப் ப்ராசசர் குறைந்த சூடாக மாற்றாமல் கூடுதல் மெகாஹெர்ட்ஸாக மாற்றிக்கொள்கிறது. ஆகவே புதுக் கூலருக்கு முன்னும் பின்னும் 95 என்றே காட்டினாலும், கிளாக் வேகத்தையும் சினிபெஞ்ச் புள்ளியையும் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. வெப்பம் கிளம்பும் சிலிக்கான் துண்டு மிகச் சிறியது. மேல் மூடியின் நடுவிலும் இல்லை, ஓரமாக இருக்கிறது. மூடியும் தடிமன். இவ்வளவு சிறு இடத்திலிருந்து வெப்பம் கூலரின் அடித்தட்டுக்கு வந்து சேர்வதே கஷ்டம். அதனால்தான் கூலரின் ஃபின்களை, அதாவது தகடுகளைத் தொட்டால் வெதுவெதுப்பாக மட்டும் இருக்கும், திரையில் 92 என்று காட்டும். இந்த நிலையில் இன்னும் பெரிய கூலர் வாங்குவது காசுக்கு ஏற்ற பலன் தராது. பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் போர்டின் அமைப்புத் திரை) மின் இழுப்பைக் குறைக்கும் ஈகோ மோடு போடுங்கள், கீழே சொல்லியிருக்கிறோம்.

சரியாக அளப்பது எப்படி?

விண்டோஸில் எச்டபிள்யூஇன்ஃபோ64 போதும். சென்சார்கள் மட்டும் என்ற தேர்வில் திறங்கள். லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பு. பிறகு:

1. கேபினெட்டின் முன்பக்கத்தில், காற்று உள்ளே போகும் இடத்துக்கு அருகே ஒரு சாதாரண அறை வெப்பமானியை வையுங்கள். ஏசி ரிமோட்டில் தெரியும் எண் அறை வெப்பம் ஆகாது.
2. கணினியைத் தொடங்கிப் பத்து நிமிடம் சும்மா விடுங்கள்.
3. சினிபெஞ்ச் ஆர்23இல் மல்டி-கோர் சோதனையைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். ஒரே ஒரு சுற்று போதாது. உலோகம் முழுதும் சூடேறி நிலைக்கச் சில நிமிடம் ஆகும்.
4. கடைசி இரண்டு நிமிடத்தில் நான்கு எண்களைக் குறியுங்கள்: ப்ராசசர் வெப்பம், பேக்கேஜ் பவர் (ப்ராசசரின் மொத்த மின் இழுப்பு) வாட்டில், ஃபேன் வேகம், அறை வெப்பம்.

இப்போது ப்ராசசர் வெப்பத்திலிருந்து அறை வெப்பத்தைக் கழித்து, வாட்டால் வகுங்கள். எடுத்துக்காட்டாக அறை 32, ப்ராசசர் 76, இழுப்பு 88 வாட் என்றால் 44ஐ 88ஆல் வகுக்க 0.5 வரும். அதாவது ஒவ்வொரு வாட்டுக்கும் அரை டிகிரி ஏறுகிறது. இந்த எண் கோடையிலும் மார்கழியிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும், ஃபேன் வேகம் ஒன்றாக இருந்தால். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆறு மாதம் கழித்து 0.65 வந்தால் தூசியோ ஃபேனோ தெர்மல் பேஸ்ட்டோ (ப்ராசசருக்கும் கூலருக்கும் இடையே வைக்கும் பசை), ஏதோ ஒன்று மாறியிருக்கிறது என்று அர்த்தம். வேறு ப்ராசசர் வைத்திருக்கும் நண்பரின் எண்ணோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். சிலிக்கானின் பரப்பு வேறு, மூடி வேறு.

பிரைம்95 என்ற மென்பொருளின் சின்ன எஃப்எஃப்டி சோதனை நிஜ வேலை எதுவும் தராத சுமையைத் தரும். அதில் வரும் எண்ணைப் பார்த்துப் பயந்து கூலர் மாற்றத் தேவையில்லை.

ஜனவரியில் 70, மே மாதத்தில் 80. கூலர் பழுதாகிவிட்டதா?

இல்லை. ஏர் கூலரால் ப்ராசசரை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது; அறையை விட எவ்வளவு மேலே நிற்கும் என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. அறை பத்து டிகிரி ஏறினால் ப்ராசசரும் ஏறத்தாழ அதே பத்து ஏறும். வெளிநாட்டு விமர்சனங்களில் வரும் அளவுகள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி அறையில் எடுத்தவை. சென்னையில் ஏசி இல்லாத மாடி அறையில் மே மாத மதியம் 36, 37 சர்வசாதாரணம். விமர்சனத்தில் 68 என்று பார்த்தால் உங்கள் வீட்டில் 80 என்று கூட்டிப் படியுங்கள்.

சும்மா இருக்கும்போதே 48 காட்டுகிறது. திடீரென்று 65க்குத் தாவுகிறது. ஃபேனும் உறுமி உறுமி அடங்குகிறது.

ரைசனின் இயல்பு இது. பிரவுசரில் ஒரு டேப் திறந்தால்கூட ஒரு கோர் உச்ச வேகத்துக்குப் போய் வரும். அந்தக் கணத்தில் அந்தச் சிறு இடத்தில் சூடு தாவும். கூலருக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. ஃபேன்தான் ஒவ்வொரு தாவலுக்கும் பின்னால் ஓடுகிறது. பயாஸின் ஃபேன் பகுதியில் ஸ்டெப் அப் டைம் அல்லது அதற்கு நிகரான தாமத அமைப்பு இருக்கும். அதை மூன்று நான்கு விநாடிக்கு மேல் வையுங்கள். கூடவே 60 டிகிரி வரை ஃபேனை 40 சதவீதத்தில் கிடைக்கோடாக வைத்து, 70இல் 60 சதவீதம், 80இல் 80 சதவீதம், 88இல் முழு வேகம் என்று ஏற்றினால் உறுமல் நின்றுவிடும்.

என் ப்ராசசருக்கு எவ்வளவு பெரிய கூலர் போதும்?

மாடல் பெயரை விட்டுவிட்டு அது உண்மையில் இழுக்கும் வாட்டைப் பாருங்கள். ரைசன் 5 5600 சாக்கெட்டில் 76 வாட், ரைசன் 5 7600 என்றால் 88. ஐ5-12400க்குப் பெட்டியில் 65 என்று போட்டிருந்தாலும் டர்போ எனும் உச்ச வேகத்தில் 117 வரை அனுமதி. இவை மூன்றுக்கும் நான்கு ஹீட் பைப் (வெப்பத்தைத் தகடுகளுக்குக் கடத்தும் குழாய்), ஒரு 120 மி.மீ. ஃபேன் உள்ள ஒற்றை டவர் தாராளம்; டீப்கூல் ஏகே400 அந்த வகை. 7600எக்ஸ், 5800எக்ஸ், ஐ5-13600கே போன்றவற்றுக்கு ஆறு ஹீட் பைப் இரட்டை டவர், எடுத்துக்காட்டாக தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ, நிம்மதியாக இருக்கும்.

ஐ7-13700கே, ஐ9-14900கே இரண்டும் 253 வாட் வரை போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அறை 35, வரம்பு 100, இடையில் 65 டிகிரி. அதை 253ஆல் வகுத்தால் வாட்டுக்கு 0.26 டிகிரிக்குள் கூலர் சமாளிக்க வேண்டும். பெரிய இரட்டை டவருக்கே அது எட்டாத எல்லை. நம் ஊர்க் கோடையில் இந்தப் ப்ராசசர்களை ஏர் கூலரில் ஓட்டுவதென்றால் பயாஸில் பவர் வரம்பை 160, 180 வாட்டுக்கு இறக்கித்தான் ஓட்ட வேண்டும். கேம் மட்டும் ஆடுபவருக்கு அதில் வித்தியாசமே தெரியாது.

கூலர் பெட்டியில் "260 வாட் டிடிபி", அதாவது அத்தனை வாட் சூட்டைச் சமாளிக்கும் என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். எந்த அறை வெப்பத்தில், எந்தச் சிப்பில், என்ன ஃபேன் வேகத்தில் அளந்தது என்று சொல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை.

கேபினெட்டுக்குள் அடங்குமா என்று எப்படிப் பார்ப்பது?

கேபினெட்டின் விவரத்தில் கூலர் உயரம் என்று ஒரு அளவு இருக்கும். ஏகே400, பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ இரண்டும் 155 மி.மீ. நாக்டுவா என்எச்-டி15 165 மி.மீ. கேபினெட் வரம்பு 160 என்றால் கடைசியாகச் சொன்னது கண்ணாடிக் கதவை மூட விடாது. ரேமும் இடிக்கலாம்: என்எச்-டி15இன் முன் ஃபேனுக்குக் கீழே 32 மி.மீ. உயர ரேம்தான் நுழையும். ஆர்ஜிபி விளக்கு வைத்த உயரமான ரேம் என்றால் ஃபேனைச் சற்று மேலே ஏற்றி மாட்டலாம், ஆனால் ஏற்றிய அளவு மொத்த உயரமும் கூடும்.

பழைய கூலரைப் புது போர்டில் பயன்படுத்தலாமா?

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டிலிருந்து ஏஎம்5 சாக்கெட்டுக்குப் போகிறவர்களுக்குத் துளைகளின் இடம் மாறவில்லை. ஆனால் ஏஎம்5இல் போர்டுக்குப் பின்னால் இருக்கும் பேக்பிளேட்டைக் கழற்ற முடியாது, சாக்கெட்டையே அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. போர்டோடு வந்த பேக்பிளேட்டில் திருகும் கூலர் அப்படியே பொருந்தும்; சொந்தப் பேக்பிளேட் கேட்கும் பழைய கூலர் பொருந்தாது.

இன்டெலில் கதை வேறு. எல்ஜிஏ1200 சாக்கெட் வரை துளைகளுக்கு இடையே 75 மி.மீ., எல்ஜிஏ1700இல் 78 மி.மீ. ப்ராசசரின் உயரமும் ஒரு மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகத் தாழ்ந்துவிட்டது. எனவே துளையை எப்படியோ சமாளித்து மாட்டினாலும் அழுத்தம் போதாமல் சூடு ஏறும். எல்ஜிஏ1700க்கான பாகங்கள்தான் வேண்டும். அதே பாகங்கள் எல்ஜிஏ1851க்கும் ஆகும்.

ஏஎம்4 கூலரைத் தூக்கினால் ப்ராசசரும் கூடவே வந்துவிட்டது!

ஏஎம்4 ப்ராசசரில் பின்கள் அடியில் இருக்கின்றன. சாக்கெட் லீவர் பூட்டியிருந்தாலும் காய்ந்த பேஸ்ட் இழுத்தால் வந்துவிடும். தடுக்க வழி: கணினியைப் பத்து நிமிடம் சுமையில் ஓட்டி, அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு உடனே வேலையைத் தொடங்குங்கள். திருகுகளைக் கழற்றியதும் கூலரை நேராகத் தூக்காமல் இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். வழுக்குவது கைக்குத் தெரிந்த பிறகு தூக்குங்கள். ஏற்கெனவே பிடுங்கி வந்துவிட்டால் பின்களை வெளிச்சத்தில் வரிசையாகப் பாருங்கள். சற்றே வளைந்ததைப் பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பால் நிமிர்த்தலாம்.

தெர்மல் பேஸ்ட் எவ்வளவு வைக்க வேண்டும்? தேய்க்க வேண்டுமா?

முதலில் பழையதை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட நூல் உதிராத துணியால் ப்ராசசர், கூலர் அடி இரண்டிலும் துடைத்துவிடுங்கள். ஏஎம்4, ஏஎம்5க்கு நடுவில் பட்டாணி அளவு ஒரு பொட்டு, வேண்டுமானால் நான்கு மூலைக்கும் சிறு புள்ளிகள். எல்ஜிஏ1700 மூடி நீள்சதுரம் என்பதால் ஒற்றைப் பொட்டு ஓரங்களை எட்டாது. நீளவாக்கில் ஒரு கோடு போடுங்கள். தேய்க்கத் தேவையில்லை, கூலரின் அழுத்தமே பரப்பிவிடும். பேஸ்ட் அதிகமானால் ஓரத்தில் பிதுங்கி வெளியே வரும், அழுக்குதானே தவிர ஆபத்தில்லை. குறைவாக வைத்து ஒரு மூலை வறண்டு போவதுதான் மோசம்.

ஆர்க்டிக் எம்எக்ஸ்-4க்கும் அதைவிடப் பல மடங்கு விலையுள்ள பேஸ்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் சில டிகிரிதான். பேஸ்ட்டுக்குப் பதிலாகச் சிலர் வைக்கும் லிக்விட் மெட்டலைச் சாதாரண டவர் கூலரில் போடவே போடாதீர்கள். விலை குறைந்த கூலர்களில் ஹீட் பைப்களே நேராகப் ப்ராசசரைத் தொடும், அவற்றுக்கு இடையே இருப்பது அலுமினியம். லிக்விட் மெட்டலில் உள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும்.

எல்லாம் மாட்டியாயிற்று. ஸ்டாக் கூலரை விட மோசமாக இருக்கிறது. எங்கே தவறு?

சூடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பாருங்கள், அதுவே பாதி நோயைச் சொல்லிவிடும்.

சுமை கொடுத்த ஓரிரு விநாடியில் 45லிருந்து நேரே வரம்புக்குத் தாவி அங்கேயே நின்றால், ப்ராசசருக்கும் கூலருக்கும் தொடர்பே சரியில்லை. முதல் சந்தேகம் கூலர் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள். "உரித்துவிட்டுப் பொருத்தவும்" என்று அதிலேயே எழுதியிருந்தும் உரிக்காமல் மாட்டுகிறவர்கள் ஏராளம். அடுத்து, இன்டெலுக்கான ஸ்பேசரும் ஏஎம்டிக்கான ஸ்பேசரும் மாறிப்போயிருக்கலாம், அரை மி.மீ. உயரம் கூடினாலும் கூலர் மிதக்கும். கூலரைத் தூக்கிப் பேஸ்ட் பரவிய தடத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் கனமாகவும் எதிர்ப்பக்கம் கண்ணாடிபோல மெல்லியதாகவும் இருந்தால் ஒரு திருகை முதலிலேயே இறுக்கிவிட்டீர்கள். சரியான முறை, இரண்டு பக்கத் திருகையும் இரண்டு இரண்டு சுற்றாக மாற்றி மாற்றி இறுக்குவது. நான்கு திருகு என்றால் மூலைவிட்டமாக. ஸ்பிரிங் வைத்த திருகு ஒரு கட்டத்தில் தானே நின்றுவிடும், அதற்கு மேல் பலம் காட்ட வேண்டாம். ஒவ்வொரு முறை தூக்கினாலும் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைக்க வேண்டும்.

சூடு முதலில் ஒழுங்காக 70இல் நின்று, பிறகு பத்துப் பதினைந்து நிமிடத்தில் மெல்ல 85க்கு ஊர்ந்தால் கூலர் குற்றமற்றது. கேபினெட்டுக்குள் காற்று தேங்குகிறது. பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே சோதனையை ஓட்டுங்கள். ஐந்து டிகிரிக்கு மேல் குறைந்தால் உறுதி. முன்பக்கம் முழுக் கண்ணாடி வைத்த கேபினெட்டுகளில் இது வழக்கமான நோய். முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள அமைத்தால் பெரும்பாலும் தீரும். கேம் ஆடும்போது மட்டும் இப்படி ஊர்ந்தால் கிராபிக்ஸ் கார்டு துப்பும் சூட்டைத்தான் டவர் கூலர் குடித்துக்கொண்டிருக்கிறது.

இரண்டுமில்லாமல் எண் எப்போதுமே அதிகம் என்றால் ஃபேன் வேகத்தைப் பாருங்கள். போர்டில் சிபியு ஃபேன் என்று குறித்த 4 பின் இணைப்பில் மாட்டாமல் கேபினெட் ஃபேன் இணைப்பில் மாட்டினால், அது போர்டு வெப்பத்தைப் பார்த்து மெதுவாகச் சுழலலாம்.

ஃபேன் எந்தத் திசையில் காற்றடிக்கிறது என்று எப்படித் தெரியும்?

மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் இருக்கும் பக்கமாகக் காற்று வெளியேறும். திறந்த பக்கம் ரேமைப் பார்க்க, சட்டப் பக்கம் ஃபின்களைப் பார்க்க மாட்டினால், கேபினெட்டின் பின் ஃபேனை நோக்கிக் காற்று போகும்.

ஒற்றை டவரில் இரண்டாவது ஃபேன் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். ஓரிரண்டு டிகிரி குறையும், அவ்வளவுதான். அந்தக் காசில் கேபினெட்டின் முன்னால் ஒரு ஃபேன் போடுவது மேல்.

பயாஸில் எதை மாற்றினால் சூடு குறையும்?

ஏஎம்5இல் ஈகோ மோடு. 105 வாட் மாடலை 65 வாட் ஈகோவில் வைத்தால் சாக்கெட் இழுப்பு 142லிருந்து 88க்கு இறங்கும். மல்டி-கோர் வேகம் கொஞ்சம் இறங்கும், கேமில் கண்ணுக்குத் தெரியாது. இதற்கு மேல் நுணுக்கமாகப் போக விரும்பினால், கோர்களுக்குப் போகும் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 10இல் தொடங்கி, ஒரு வாரம் சாதாரணமாகப் பயன்படுத்திப் பார்த்து, மைனஸ் 15, 20 என்று இறக்கலாம். சினிபெஞ்ச் தாங்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். அளவு மீறிய அண்டர்வோல்ட் பெரும்பாலும் சும்மா இருக்கும்போதுதான் கணினியை ரீஸ்டார்ட் ஆக்கும்.

இன்டெலில் பல போர்டுகள் பவர் வரம்பை முழுதாகத் திறந்துவிட்டே வருகின்றன. பயாஸைப் புதுப்பித்துவிட்டு இன்டெல் டீஃபால்ட் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். 13, 14ஆம் தலைமுறை கே மாடல் வைத்திருப்பவர்களுக்கு இது சூட்டுக்காக மட்டுமல்ல. அதிக வோல்டேஜால் அந்தச் சிப்கள் நிலைகுலைந்த பிரச்சினைக்கு 2024 ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129 மைக்ரோகோடும் (ப்ராசசருக்குள்ளேயே ஓடும் மென்பொருளின் திருத்தம்) பிறகு வந்தவையும் புது பயாஸில்தான் இருக்கின்றன.

எல்ஜிஏ1700 ப்ராசசர் வளைகிறது என்கிறார்களே, காண்டாக்ட் ஃப்ரேம் வேண்டுமா?

வளைவது உண்மைதான். சாக்கெட் பூட்டு நடுவில் மட்டும் அழுத்துவதால் மூடி சற்றுக் குழிகிறது. அந்தப் பூட்டுக்குப் பதிலாகச் சுற்றிலும் அழுத்தும் காண்டாக்ட் ஃப்ரேம் மாட்டினால் சில டிகிரி குறையும். ஐ5-12400க்குத் தேவையே இல்லை. 13700கே போன்றவற்றுக்குப் பரவாயில்லை, ஆனால் திருகை அளவுக்கு மீறி இறுக்கினால் ஒரு ரேம் சேனல் காணாமல் போகும். அப்படி நடந்தால் பதறாமல் கால் சுற்று தளர்த்துங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும்?

தெருப் பக்கம் ஜன்னல் திறந்திருக்கும் வீடு என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஃபேனைக் கழற்றிப் பாருங்கள். ஃபின்களின் முன்முகத்தில் கம்பளிபோலத் தூசி படிந்திருக்கும். பெயின்ட் பிரஷ்ஷும் கை புளோயரும் போதும். புளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் போய்விடும். பேஸ்ட்டை நாள் பார்த்து மாற்ற வேண்டாம். தூசி தட்டிய பிறகும் முன்பு எழுதி வைத்த வாட்டுக்கு இத்தனை டிகிரி என்ற எண் இறங்கவில்லை என்றால் மாற்றுங்கள்.

பேசாமல் லிக்விட் கூலருக்கே போய்விடலாமா?

150 வாட்டுக்குள் இழுக்கும் ப்ராசசருக்கு வேண்டாம். 240 மி.மீ. லிக்விட் கூலரும் நல்ல இரட்டை டவரும் அங்கே கிட்டத்தட்ட ஒன்றுதான். டவரில் கெட்டுப்போகக் கூடியது ஃபேன் ஒன்றுதான், கடையில் எந்த 120 மி.மீ. ஃபேன் வாங்கினாலும் மாட்டிவிடலாம். லிக்விட் கூலரில் பம்ப் நின்றால் மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டும். 200 வாட்டுக்கு மேல் மணிக்கணக்கில் ரெண்டர் ஓட்டுபவர் என்றால் 360 மி.மீ. வாங்குங்கள், ரேடியேட்டரைக் கேபினெட்டின் மேற்புறத்தில் மாட்டுங்கள்.